ஏ4 இங்க்ஜெட் பிரிண்டரை டி-ஷர்ட் அச்சு இயந்திரமாக மாற்றுவது எப்படி?

கேள்வி: நான்கு நிற இங்க் டேங்க் உள்ள எப்சன் ஏ4 பிரிண்டர் ஒன்று வைத்திருக்கிறேன். அதைப் பிரித்து, டி-ஷர்ட்டில் நேரடியாக அச்சிடும் இயந்திரமாக மாற்ற முடியுமா? எந்தெந்த இடத்தில் சிக்கல் வரும்?

பதில்: முடியும். முதல் முயற்சியை வெள்ளை, வெளிர்நிறக் காட்டன் துணியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கறுப்புத் துணிக்கு வெள்ளை இங்க் தேவை, அது தனி வேலை. கடைசியில் சொல்கிறேன்.

எப்சன் வைத்திருப்பது நல்லதாகப் போயிற்று. அதன் ஹெட்டில் (இங்கைத் துளியாகத் தெளிக்கும் பகுதி) உள்ள பீசோ சில்லு மின்னழுத்தம் பட்டதும் வளைந்து துளியைத் தள்ளுகிறது, இங்க் சூடாவதில்லை. வெப்ப ஹெட் உள்ள பிரிண்டர்களில் ஒவ்வொரு துளிக்கும் இங்க் ஒரு நுண்ணிய சூடேற்றியின் மேல் கொதிக்கிறது. துணி இங்கில் நிறமியைத் துணியோடு ஒட்டவைக்கும் பிசின் கலந்திருக்கும், அது அங்கே தீய்ந்து படிந்து நாசிலை (இங்க் வெளிவரும் நுண்துளை) அடைத்துவிடும். அதனால் அந்த வகை பிரிண்டரை இதற்கு எடுக்கவே வேண்டாம்.

பலரும் செய்யும் முதல் தவறு, முதலிலேயே இங்கை மாற்றிவிடுவது. இயந்திர வேலை முழுவதும் முடிந்து, காகிதத்தில் சுத்தமாக அச்சு விழும்வரை பழைய இங்க்தான் இருக்கட்டும். சரிசெய்யும் வேலை பல நாள் இழுக்கும். அதற்குள் துணி இங்க் ஹெட்டில் காய்ந்துவிட்டால் கோளாறு இயந்திரத்திலா ஹெட்டிலா என்று பிரித்தறிய முடியாது.

பிரிக்கும்போது ஸ்கேனர், மேல் மூடி, பின்பக்கக் காகித ஊட்டி, ஹெட்டுக்குக் கீழுள்ள பிளாஸ்டிக் தளம் ஆகியவற்றை எடுத்துவிடலாம். ஹெட் ஓடும் உலோகச் சட்டத்தை வெட்டவோ முறுக்கவோ கூடாது. வலது ஓரத்தில் ஹெட்டை மூடிவைக்கும் கேப்பிங் பகுதியும் அதன் பம்பும் அப்படியே இருக்க வேண்டும். பல எப்சன் மாதிரிகளில் காகிதத்தை நகர்த்தும் அதே மோட்டார்தான் பம்பையும் சுழற்றுகிறது. கியர் வரிசையை 'தேவையில்லை' என்று கழற்றினால் ஹெட் கிளீனிங் நடக்காது. விட்டுவைத்தால் கிளீனிங் ஓடும்போது, நாம் சட்டையை மாட்டப்போகும் தட்டும் சேர்ந்து நகரும். எனவே தட்டின் பெல்ட்டை விடுவிக்க ஒரு கிளிப் வைத்துக்கொள்வது அவசியம்.

இனி முக்கியமான பகுதி. பிரிண்டரைக் கால்கள் வைத்து உயர்த்துகிறோம். அதன் கீழே லீனியர் ரெயிலில் தட்டு ஓடுகிறது. காகித ரோலர் குறுக்கே நிற்பதால், அதை மோட்டாரோடும் அதன் அச்சுத்தண்டில் உள்ள எண்கோடர் வட்டோடும் சேர்த்து மேலே நகர்த்தி, அச்சுத்தண்டில் ஒரு பல் புல்லி (பல் வைத்த பெல்ட் சக்கரம்) மாட்டி, பெல்ட்டால் தட்டை இழுக்க வேண்டும். எண்கோடர் வட்டின் மேல் விரல் ரேகை படக்கூடாது. சென்சார் அதன் மெல்லிய கோடுகளை எண்ணித்தான் தூரத்தை அறிகிறது.

ரோலர் ஒரு சுற்று சுற்றினால் காகிதம் எவ்வளவு நகருமோ, தட்டும் அவ்வளவே நகர வேண்டும். ரோலரின் விட்டத்தை வெர்னியரில் அளங்கள். 14 மி.மீ. என்றால் சுற்றளவு 43.98 மி.மீ. ஜிடி2 என்ற பல் வைத்த பெல்ட்டில் பல்லுக்குப் பல் 2 மி.மீ. இடைவெளி, ஆக 22 பல் புல்லி 44 மி.மீ. நகர்த்தும். பொருந்திவிட்டது. கணக்கு முழு எண்ணில் வராவிட்டால் நடுவில் இன்னொரு அச்சுத்தண்டு வைத்து, இரண்டு புல்லிகளின் விகிதத்தால் சரிக்கட்டுங்கள்.

சிலர் இதில் சோம்பல்பட்டு, அச்சு குட்டையாக வந்தால் மென்பொருளில் படத்தை நீட்டிவிடுகிறார்கள். நீளம் சரியாகும், கோடுகள் போகாது. ஹெட் ஒரு பட்டை அச்சிட்டு, தட்டு நகர்ந்து, அடுத்த பட்டை விழுகிறது. 10 மி.மீ. நகர வேண்டிய இடத்தில் 2 விழுக்காடு பிசகினால் ஒவ்வொரு பட்டைக்கும் 0.2 மி.மீ. வித்தியாசம். தட்டு கூடுதலாக நகர்ந்தால் வெள்ளைக் கோடு, குறைவாக நகர்ந்தால் கருமையான கோடு. படத்தை எவ்வளவு நீட்டினாலும் தட்டு நகரும் தூரம் மாறாதே! ஆகவே தட்டில் காகிதம் ஒட்டி 250 மி.மீ. நீளக் கோடு ஒன்று அச்சிட்டு, எஃகு அளவுகோலால் பாருங்கள். 249.5 முதல் 250.5-க்குள் வரும்வரை புல்லியை விடாதீர்கள்.

தட்டு இலகுவாக இருக்கட்டும். அந்த மோட்டார் காகிதத்தை நகர்த்தச் செய்யப்பட்டது, பாரம் கூடினால் எல்லா விளக்குகளும் மினுங்கி நின்றுவிடும். பெல்ட்டைக் கழற்றிவிட்டு ஒரு விரலால் தள்ளினால் தட்டு தடையில்லாமல் ஓட வேண்டும். அச்சு முடிந்ததும் பிரிண்டர் காகிதத்தை வெளியே தள்ளுவதாக நினைத்துக் கூடுதலாக ஓட்டும். அதற்கு இடம் விட்டு, ரெயிலின் நீளம் தட்டைப்போல் இருமடங்குக்கும் சற்று மேலாக இருப்பது நல்லது. தட்டு நடுவில் ஒரு தூணின் மேல் நிற்க வேண்டும். சட்டையை மாட்டும்போது முன்பக்கத் துணி தட்டின் மேலும், பின்பக்கத் துணி தூணைச் சுற்றிக் கீழேயும் தொங்கினால்தான் மேற்பரப்பு சமமாக இருக்கும்.

காகிதம் வந்ததை உணரும் சென்சார் ஒரு சிறு நெம்புகோலோடு இருக்கும். தட்டின் ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் பட்டையை ஒட்டி, அது அந்த நெம்புகோலைத் தள்ளுமாறு செய்யுங்கள். கணினியில் பிரிண்டர் டிரைவரில் கொடுத்த காகித நீளமும் பட்டை நீளமும் ஒன்றாக இருக்கட்டும். பட்டை நீண்டால் 'காகிதம் சிக்கியது' என்று வரும், குறைந்தால் படம் பாதியில் நிற்கும்.

ஹெட்டுக்கும் துணிக்கும் இடையே 1.5 முதல் 2 மி.மீ. போதும். குறைந்தால் நூலிழை நாசிலை உரசும். கூடினால் படம் மங்கும், ஏனென்றால் துளி விழும் நேரத்தில் ஹெட் நகர்ந்துகொண்டிருக்கிறது. ஹெட் நொடிக்கு அரை மீட்டர், துளி நொடிக்கு 7 மீட்டர் என்று வைத்தால், 2 மி.மீ. இறங்குவதற்குள் துளி பக்கவாட்டில் 0.14 மி.மீ. போய்விடும். போகும்போது வலப்பக்கம், வரும்போது இடப்பக்கம் என்றால் வித்தியாசம் இருமடங்கு. டிரைவரில் 'அதிவேகம்' என்பதை அணைத்துவிட்டால் ஹெட் ஒரே திசையில் மட்டும் அச்சிடும், இந்தச் சிக்கல் தீரும். நேரம் கூடும், பரவாயில்லை.

பிரிண்டரை உயர்த்தும்போது பக்கவாட்டு டேங்கையும் அதே அளவு உயர்த்த வேண்டும். இதை மறப்பவர்கள் அதிகம். டேங்க் மிகக் கீழே இருந்தால் குழாய்க்குள் காற்று ஏறி, படத்தின் நடுவில் ஒரு நிறம் காணாமல் போகும். இங்க் மட்டம் ஹெட்டைவிட மேலே போனால் நாசிலிலிருந்து சொட்டும். தொழிற்சாலையில் எந்த மட்டத்தில் இருந்ததோ அதுவே சரி.

இத்தனையும் ஒத்துவந்த பிறகு இங்கை மாற்றுங்கள். பழையதை முழுவதும் உறிஞ்சி எடுத்து, கிளீனிங் திரவம் நிறமற்று வரும்வரை குழாய்களைக் கழுவிய பிறகே துணி நிறமி இங்க் ஊற்ற வேண்டும். இரண்டும் கலந்தால் குழாயிலேயே திரியலாம். கழிவு இங்க் குழாயை வெளியே ஒரு பாட்டிலில் விட்டுவிடுங்கள்.

துணி நூறு விழுக்காடு காட்டனாக இருக்கட்டும். பாலியஸ்டரில் இந்த இங்க் சரியாக நிற்காது. அச்சிடும் முன் பத்து விநாடி ஹீட் பிரஸ்ஸில் (சூடான தட்டால் அழுத்தும் கருவி) அழுத்தினால் ஈரம் போகும், நூலிழைகளும் படியும். அச்சான பிறகு சிலிக்கோன் தாள் வைத்து 160 முதல் 170 டிகிரி செல்சியஸில் ஒன்றரை முதல் இரண்டு நிமிடம் சூடாக்குங்கள். இங்க் தயாரிப்பாளர் வேறு அளவு கொடுத்திருந்தால் அதையே பின்பற்றுங்கள். தாள் வைக்கும் முன் பிரஸ்ஸின் மேல்தட்டைத் துணியைத் தொடாமல் அரை நிமிடம் பிடித்தால் ஈர இங்க் தாளில் ஒட்டாது. சட்டையைத் துவைத்ததும் நிறம் வெளிறினால் பெரும்பாலும் சூடு போதவில்லை என்று அர்த்தம்.

வெள்ளை இங்கில் இருப்பது டைட்டேனியம் டைஆக்சைடு. கனமான நிறமி, அசையாமல் இருந்தால் டேங்கிலும் குழாயிலும் அடியில் படியும். அதற்குத் தினசரிக் கலக்கல் வேண்டும், வெள்ளைக்கென்று ஹெட்டில் தனி நிற வரிசை வேண்டும், அதை ஆளும் ஆர்ஐபி (படத்தை இங்க் துளிகளாக மாற்றித் தரும்) மென்பொருள் வேண்டும். துணியின் மேல் இங்க் ஊறாமல் உறைய, உப்பு கலந்த முன்பூச்சுத் திரவமும் தெளிக்க வேண்டும். நான்கு நிற ஹெட்டில் இதற்கு இடமில்லை. கறுப்புச் சட்டைதான் நோக்கம் என்றால் ஆறு நிற மாதிரியைத் தேடுங்கள், இந்த பிரிண்டரை வெட்ட வேண்டாம்.

வெளிர்நிறத் துணிக்கென்று மாற்றினால், அச்சு இல்லாத நாளிலும் ஒரு நாசில் செக் (எல்லா நாசிலும் வேலை செய்கிறதா என்று காட்டும் கோட்டு அச்சு) எடுங்கள். கோடு விடுபட்டால் ஒரு கிளீனிங் போட்டு சற்று நேரம் விட்டுப் பாருங்கள். அடுத்தடுத்துப் பல கிளீனிங் ஓட்டினால் இங்க்தான் வீணாகும், சில நேரம் காற்று உள்ளே போய் நிலைமை இன்னும் மோசமாகும்.