சிண்ட்ரெல்லாவுக்கு மூன்று மாயம் போதும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எங்கள் பள்ளி ஆண்டு விழாவுக்காகச் சிண்ட்ரெல்லா கதையை இருபது நிமிட நகைச்சுவை நாடகமாக எழுதியிருக்கிறேன். தேவதை வந்து வண்டி, உடை, காலணி எல்லாவற்றையும் கொடுத்துவிடுகிறாள். சிற்றன்னையின் மகள் குண்டாக இருப்பதை வைத்துத்தான் சிரிப்பு. ஒத்திகையில் பிள்ளைகள் சிரிக்கவே இல்லை. தேவதை வந்ததும் கதையும் படுத்துவிடுகிறது. எங்கே பிசகு? பார்த்துக் கற்றுக்கொள்ள ஒரு படம் சொல்ல முடியுமா?

ஆர்., தஞ்சாவூர்

அன்புள்ள ஆர்.,

பிசகு தேவதையிடம்தான். அவள் எல்லாம் செய்து கொடுத்துவிட்டால் உங்கள் நாயகிக்கு மேடையில் வேலையே இல்லை. வேலை இல்லாத பாத்திரத்தை வைத்துச் சிரிப்பும் வராது, கதையும் நகராது.

நீங்கள் பார்க்க வேண்டிய படம், செக்கோஸ்லோவாகியாவும் கிழக்கு ஜெர்மனியும் சேர்ந்து 1973-இல் எடுத்த ‘சிண்ட்ரெல்லாவுக்கு மூன்று ஹேசல்நட்’. இயக்கம் வாட்ஸ்லாவ் வோர்லிச்செக். கிரிம் சகோதரர்களின் வடிவத்தை விட்டுவிட்டு, செக் எழுத்தாளர் பொஷெனா நெம்ட்சோவாவின் கதையை எடுத்துக்கொண்டார்கள். அதில் தேவதை கிடையாது. ஓட்டோடு மூன்று ஹேசல்நட், அதாவது கெட்டி ஓடுள்ள சிறு கொட்டைகள். ஒவ்வொன்றுக்குள்ளும் ஓர் உடை. படத்தின் பெரிய மாயம் அவ்வளவுதான்.

அந்த மூன்றும் அவள் கைக்கு வரும் விதத்தைக் கவனியுங்கள். ‘வழியில் உங்கள் மூக்கில் எது வந்து விழுகிறதோ அதைக் கொண்டுவாருங்கள்’ என்று அவள் பண்ணையாளிடம் சொல்லி அனுப்புகிறாள். அவர் வண்டியில் வரும்போது இளவரசன் விளையாட்டாக அம்பு எய்கிறான். மரத்திலிருந்த கூடு அவர்மேல் விழுகிறது, அதற்குள் மூன்று ஹேசல்நட். இளவரசன் செய்த குறும்பே அவனைப் பிற்பாடு திணறடிக்கப்போகும் பொருளை அவளுக்கு அனுப்பிவைக்கிறது. மாயம் எங்கிருந்தோ குதிக்கவில்லை, ஒரு பாத்திரத்தின் குணத்திலிருந்து வருகிறது.

அடுத்தது, மாயம் எதைச் செய்யாது என்பது. அது உடை தரும், திறமை தராது. முதலாவதில் வேட்டைக்காரனின் உடை வருகிறது. ஆனால் மர உச்சியிலிருக்கும் பைன் காயைக் குறிபார்த்து வீழ்த்துவது அவளேதான். குதிரை ஓட்டவும் வில் பிடிக்கவும் தெரிந்தவள் என்பதைப் படம் முன்னமே காட்டிவிடுகிறது. நீங்களும் தாளை இரண்டு பத்தியாகப் பிரியுங்கள். ஒன்றில் மாயம் செய்வது, மற்றதில் அவளாகச் செய்வது. இரண்டாவது பத்தி முதலாவதைவிட நீளமாக இல்லை என்றால் திரும்ப எழுதுங்கள்.

சிரிப்புக்கு வருவோம். இளவரசன் அவளை மூன்று முறை சந்திக்கிறான், மூன்று முறையும் ஆள் தெரியாமல் கோட்டை விடுகிறான். முதலில் காட்டில் அழுக்கு உடையில். அவன் மானைக் குறிவைக்கும்போது பனி உருண்டையை எறிந்து மானைக் காப்பாற்றுகிறாள். பிறகு வேட்டைக்கார இளைஞனாக, அவனையே குறியில் தோற்கடிக்கிறாள். கடைசியாக அரண்மனை நடனத்தில், முகத்திரையோடு. நடனத்தில் அவன் உடனே கல்யாணப் பேச்சை எடுக்கிறான். அவள் சம்மதமும் சொல்லவில்லை, மறுக்கவும் இல்லை. விடுகதை போடுகிறாள்: கன்னத்தில் சாம்பல், ஆனால் புகைபோக்கி துடைப்பவர் இல்லை, தொப்பியில் இறகு, தோளில் வில், ஆனால் வேடன் இல்லை, மூன்றாவது, வெள்ளிச் சரிகை உடை, ஆனால் இளவரசி இல்லை. ஒவ்வோர் அடியும் ஒரு சந்திப்பு. பார்க்கிற குழந்தைகளுக்கு விடை தெரியும், எதிரில் நிற்கிறவனுக்குத் தெரியாது. சிரிப்பு அந்த இடைவெளியில்தான் பிறக்கிறது. விடுகதை போட்டு வளர்ந்த நம் பிள்ளைகள் இதை விளக்காமலே பிடித்துக்கொள்வார்கள். உங்கள் நாடகத்துக்கும் முதலில் விடுகதையை எழுதிவிட்டு, அதன் அடிகளுக்கேற்பக் காட்சிகளை அமையுங்கள்.

உருவத்தை வைத்துச் செய்யும் கேலியை எடுத்துவிடுங்கள். இந்தப் படத்திலும் நடனக் காட்சியில் பருத்த பெண் ஒருத்தி இளவரசனை இழுத்துக்கொண்டு சுழல்கிறாள். படத்திலேயே மிக மலிவான இடம் அது. சிற்றன்னை சிரிப்பூட்டுவது வேறு காரணத்தால். வீட்டில் அதட்டுகிறவள், அரசரைக் கண்டதும் குழைந்துவிடுகிறாள், விருந்துக்கு அழைப்பு வாங்க அத்தனை பாடுபடுகிறாள். அந்தத் தலைகீழ் மாற்றத்தை எழுதினால் போதும்.

இந்தப் படத்தில் விலங்குகள் பேசுவதில்லை என்பதையும் கவனியுங்கள். ஆந்தையிடம் அவள் பேசுகிறாள், அது விழித்துப் பார்க்கிறது, அவ்வளவே. மேடையில் பேசும் எலிகளை வைத்திருந்தால் அவற்றின் வசனத்தை வெட்டிப் பாருங்கள், நாயகிக்கு இரண்டு நிமிடமாவது மிச்சமாகும்.

கோடையில் எடுக்கத் திட்டமிட்ட கதை இது. கிழக்கு ஜெர்மானிய ஸ்டுடியோவுக்குக் குளிர்காலத்தில்தான் வசதிப்பட்டது என்பதால் பனிக்கு மாறியது. பனி போதாத இடங்களில் மீன்தூள் கலந்த செயற்கைப் பனியைக் கொட்டினார்கள், அதன் நாற்றத்தில்தான் நடிகர்கள் வேலை செய்தார்கள். ஆனாலும் பனி உருண்டைக் குறும்பு, வெள்ளைப் பரப்பில் ஓடும் குதிரை என்று படத்தின் அழகான இடங்கள் பலவும் அந்த மாற்றத்தில் கிடைத்தவை. உங்கள் பள்ளியில் இருக்கும் முற்றமோ படிக்கட்டோ அப்படி உதவும். அதைப் பார்த்துவிட்டுக் காட்சியை எழுதுங்கள்.

மேடையில் ஒரு சிக்கல் வரும். ஹேசல்நட் சுண்டுவிரல் நுனியளவுதான், மூன்றாவது வரிசைக்கே தெரியாது. கேமரா பக்கத்தில் போய்க் காட்டிவிடும், மேடைக்கு அது முடியாது. இரண்டு சிரட்டைகளைச் சேர்த்துத் துணிப்பட்டையால் ஒட்டி, மண்ணிறம் பூசிக்கொள்ளுங்கள். அதற்குள் உடையைத் திணிக்க வேண்டாம், பிரிக்கும்போது சிக்கிக்கொள்ளும். சிரட்டை ஒரு மேசைக்குப் பின்னால் விழட்டும், அங்கே குனிந்திருக்கும் மாணவி உடையை நீட்டட்டும். வேட்டை உடைக்கு மேலங்கியும் தொப்பியும் போதும், பத்து எண்ணுவதற்குள் போட்டுவிடலாம். நடன உடை மாற்ற ஒரு நிமிடமாவது ஆகும். அந்த நேரத்தில் அரசனும் அரசியும் மகனின் கல்யாணத்தைப் பற்றிச் சண்டை போடும் காட்சியை முன்மேடையில் வையுங்கள். படத்திலும் அரசன் கத்துவான், அரசி அமைதியாக அவனை வழிக்குக் கொண்டுவருவாள்.

செக் மொழிப் பதிப்பையே தேடுங்கள். செக் பாடகர் கரேல் காட் பாடிய பாட்டு அதில்தான் இருக்கிறது, ஜெர்மன் பதிப்பில் இசை மட்டும்.