வாசகர் கேள்வி: ஊர் எப்போது தோன்றியது?

கேள்வி: எங்கள் ஊர்க் கோயிலில் சோழர் கால கல்வெட்டு இருக்கிறது. அதில் உள்ள ஆண்டையே ஊர் உருவான ஆண்டாகக் கொள்ளலாமா?

பதில்: கூடாது. அநேகமாக அது யாரோ கோயிலில் விளக்கெரிக்க (நெய்க்காக) ஆடு கொடுத்த ஆண்டாகவோ, நிலம் விட்ட ஆண்டாகவோ இருக்கும். ஊர் அதற்கு முன்பே இருந்திருக்கும். ‘சதுர்வேதிமங்கலம்’ என்ற பெயர்கூட, பழைய குடியிருப்பு பிராமணர்களுக்குத் தானமாக மாறியபோது சூட்டிய புதுப்பெயராக இருக்கலாம்.

ஆண்டுக் கணக்கிலும் பலர் தவறுகிறார்கள். முதலாம் இராசராசன் ஆட்சியேற்றது 985. ஆட்சியேற்ற ஆண்டே முதலாம் ஆட்சியாண்டு. ஆகவே அவனது 21ஆம் ஆட்சியாண்டு என்றால் 985உடன் 20ஐத்தான் கூட்டவேண்டும்: 1005-06. சக ஆண்டு (கல்வெட்டுகளில் வரும் இன்னொரு ஆண்டுக் கணக்கு) என்றால் 78ஐக் கூட்டினால் கி.பி. ஆண்டு கிடைக்கும்.

எல்லை வகுத்ததற்குச் செப்பேடுகளைப் பாருங்கள். அதே 21ஆம் ஆண்டில் நாகப்பட்டினம் விகாரத்துக்கு (பௌத்த மடத்துக்கு) ஆனைமங்கலம் என்ற ஊர் கொடுக்கப்பட்டபோது, பெண் யானையை எல்லையோரம் நடத்தி, ‘கல்லும் கள்ளியும் நாட்டி’ எல்லை காட்டினார்கள். கல் பெயர்ந்தாலும் கள்ளி தழைத்து நிற்கும், நல்ல ஏற்பாடுதான்!

ஊரின் அமைப்பு தெரிய வரிக்கழிவை, அதாவது வரிக் கணக்கிலிருந்து கழித்த நிலங்களின் பட்டியலைப் படியுங்கள். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் ஊர்நத்தம் (குடியிருப்பு நிலம்), கோயில், குளம், ஊடறுத்துப் போகும் வாய்க்கால், கம்மாணசேரி (கம்மாளர் குடியிருப்பு), சுடுகாடு எல்லாம் வரியில்லா நிலங்களாக வருகின்றன. அந்தப் பட்டியலே அன்றைய ஊரின் வரைபடம். அதில் பறைச்சேரி தனியாக எண்ணப்படுவதையும் கவனியுங்கள்.

கல் வேறு கோயிலிலிருந்து வந்ததா என்பதை முதலில் பாருங்கள். திருப்பணியில் இடம்மாறிய, தலைகீழாகப் பதித்த கற்கள் ஏராளம். எழுத்து வரி பாதியில் அறுந்து அடுத்த கல்லோடு சேராவிட்டால் சந்தேகப்படலாம்.