கேளுங்கள், சொல்கிறேன்: தவிலிலிருந்து தைக்கோவுக்கு

கேள்வி: எனக்கு வயது 21. ஏழு வருடமாகத் தவில் பழகுகிறேன். ஜப்பானின் தைக்கோ மேளக் குழுவொன்றில் மேடையேற ஆசை. கை வேகம் மட்டும் போதுமா?
– வாசகர், வெள்ளவத்தை

பதில்: தம்பி, கையை விடும், காலைக் கேளும். நானும் தவில்காரன்தான். கொழும்பில் நடந்த ஒரு பயிற்சிப் பட்டறையில் முதன்முதலாகத் தைக்கோ அடித்தேன். வலது விரல்களில் கூடு, இடது கையில் கழி என்று பழகிய எனக்கு, இரண்டு கைக்கும் ஒரே மாதிரித் தடியைத் தந்தார்கள். மணிக்கட்டாலே விளாசினேன். பத்தே நிமிடத்தில் கை பிட்டு மாதிரி உதிர்ந்துவிட்டது. பக்கத்தில் நின்ற மெலிந்த பெண் பிள்ளையோ காலை அகட்டி, இடுப்பைத் தாழ்த்தி, அலுங்காமல் அடித்தாள். பலம் நிலத்திலிருந்து வருகிறது, தம்பி.

1981இல் தொடங்கிய 'கொடோ' என்ற தைக்கோ குழு ஜப்பானின் சாடோ தீவில் இருக்கிறது. அங்கே பழகுநராகச் சேர்ந்தால் இரண்டு வருடம், பழைய பள்ளிக்கூடம் ஒன்றில் கூட்டு வாழ்க்கை. ஓட்டம், சமையல், துப்புரவு, வயல் வேலை, பாட்டு, நடனம் எல்லாம் பயிற்சிக்குள் அடக்கம். முடித்தாலும் எல்லோரையும் எடுக்கமாட்டார்கள். தேர்வானவர்களும் இன்னும் ஒரு வருடம் தகுதிகாண் நிலையில்தான்.

பாடம் முழுக்க ஜப்பானிய மொழியில். ஆகவே முதலில் மொழி வகுப்பில் சேரும். விடியற்காலையில் காலிமுகத் திடலில் ஓடும். தவிலை விடவேண்டாம், அந்தத் தாளக் கணக்கு உமக்குச் சொத்து. அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லையென்றால், அதை இன்றைக்கே செய்யும்.