நான்காவது குழாய்

கேள்வி: வளரும் கலைஞர்களுக்கான புகைப்படப் பரிசு ஒன்று, ‘உங்கள் நாட்டின் எதிர்காலத்தைக் கற்பனை செய்யுங்கள்’ என்று 10 படங்கள் கேட்கிறது. மெட்ரோ, வானுயரக் கட்டடங்கள், தாத்தாவுக்கு செல்போன் சொல்லித்தரும் பேத்தி என்று எடுத்து வைத்திருக்கிறேன். இன்னும் வராததை எப்படிப் படமெடுப்பது? ஏ.ஐ. கொஞ்சம் சேர்க்கலாமா?
– ஒரு வாசகி, அல்சூர், பெங்களூரு

பதில்: பெங்களூரில் மெட்ரோ ஓட ஆரம்பித்தது 2011-ல். அது எப்படி எதிர்காலமாகும்? பேத்தி படம் இன்ஷூரன்ஸ் விளம்பரத்துக்கு ஆகும். தாத்தாவுக்கு ஒரு பிரிண்ட் போட்டுக் கொடுங்கள், சந்தோஷப்படுவார்.

கேமராவுக்கு நாளை தெரியாது. இன்று பாதியில் நிற்கிற ஒன்றைத்தான் அது காட்டும். மீதியை நடுவர் யோசித்துக்கொள்வார். அப்படி ஒன்று உங்கள் வீட்டு வாசலிலேயே இருக்கிறது: சம்ப், தரைக்கடியிலுள்ள தண்ணீர்த் தொட்டி. மூடியைத் திறங்கள். ஒரு குழாயில் காவிரி. சுமார் 100 கி.மீ. தள்ளியிருந்து, ஏறக்குறைய 500 மீட்டர் உயரம் பம்ப் செய்து வருகிற தண்ணீர். இன்னொன்று போர்வெல், 2024 கோடையில் ஊரில் எத்தனையோ போர்வெல் வறண்டது நினைவிருக்கும். மூன்றாவது, டேங்கர்காரர் மூடி வழியாக இறக்குகிற ஹோஸ். நான்காவது, மொட்டைமாடியிலிருந்து வரும் மழைநீர்க் குழாய். 2009-லேயே இங்கே சட்டம் வந்தாயிற்று: 2,400 சதுர அடியோ அதற்கு மேலோ உள்ள மனையிலிருக்கும் பழைய வீட்டுக்கும், 1,200 சதுர அடியோ அதற்கு மேலோ உள்ள மனையில் எழும்பும் புது வீட்டுக்கும் மழைநீர் சேமிப்பு கட்டாயம். அந்தக் குழாய் சம்புக்குப் போகிறதா, சாக்கடைக்கா? கீழே இருக்கும் எல்போ (குழாயைத் திருப்பும் வளைவுத் துண்டு) எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறதோ, அதுதான் உங்கள் படம்.

பத்து வீடு, பத்து சம்ப். எல்லாம் ஒரே உயரத்திலிருந்து, ஒரே லென்ஸில். அப்போதுதான் வீட்டுக்கு வீடு மாறுவது குழாய் மட்டும் என்பது கண்ணில் படும். ட்ரைபாடு, 35 எம்.எம்., எஃப்/8, ஐ.எஸ்.ஓ. 100 போதும். மொபைல் என்றால் அகலமாகக் காட்டும் 0.5 லென்ஸைத் தொடாதீர்கள்; ஓரத்துக் குழாய்கள் இழுபட்டுச் சாயும். மதிய வெயிலில் எடுத்தால் சிமென்ட் தரை வெளுத்து, சம்ப் வெறும் கறுப்புக் குழியாகிவிடும். வெளுத்த இடத்தை எந்த சாஃப்ட்வேராலும் மீட்க முடியாது. மேகம் மூடிய நாளோ, வெயில் ஏறாத காலையோதான் சரி. உங்கள் நிழலும் விழாது. மூடி திறந்திருக்கும்வரை பக்கத்தில் ஓர் ஆள் நிற்கட்டும், குழந்தைகள் ஓடிவருவார்கள். மொபைலைக் கையில் கயிறு கட்டிப் பிடியுங்கள். உள்ளே விழுந்தால் எடுக்க இறங்காதீர்கள்; மூடிக் கிடக்கும் சம்பில் மூச்சு முட்டும்.

முப்பது நாற்பது படம் சேர்ந்ததும் 4x6 பிரிண்ட் போட்டுத் தரையில் பரப்புங்கள். ஒரே விஷயத்தைச் சொல்லும் இரண்டில் ஒன்றை எடுத்துவிடுங்கள், அழகானதாக இருந்தாலும். படத்தோடு அனுப்பும் குறிப்பில் ‘நம்பிக்கை’, ‘கனவு’ வேண்டாம். எந்தத் தெரு, என்ன மாதம், காவிரி வாரத்துக்கு எத்தனை நாள், டேங்கருக்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்று எழுதுங்கள். வீட்டுக்காரரிடம் எழுத்தில் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள்.

ஏ.ஐ. வேண்டாம். குறுக்கே போகிற ஒரு கேபிளை அதை வைத்து அழித்தாலே பல போட்டிகளில் தள்ளுபடிதான். இறுதிச் சுற்றில் ரா ஃபைல், அதாவது கேமரா பதிந்த மாற்றப்படாத அசல், கேட்பதுண்டு. வாட்ஸ்அப்பில் போய்வந்த பிரதியையும் அனுப்பாதீர்கள், படம் சுருங்கியிருக்கும். மொபைலின் 4000x3000 அசல் ஏ3 பிரிண்டுக்கு ஒருமாதிரி தாங்கும். கலர் எஸ்.ஆர்.ஜி.பி. என்ற வண்ண அமைப்பில் இருக்கட்டும், அடோபி ஆர்.ஜி.பி.யில் அனுப்பினால் சில திரைகளில் சோகை பிடித்தாற்போல் தெரியும்.

கடைசியாக, போட்டி விதிகளில் உரிமை பற்றிய பத்தி. ‘நிரந்தரமாக, திரும்பப் பெற முடியாதபடி, எந்த உபயோகத்துக்கும்’ என்று இருந்தால், தோற்றவர்களின் படங்களும் போட்டி நடத்துபவர்களின் கைக்குப் போய்விடும். ‘இந்தப் பரிசின் விளம்பரத்துக்கு மட்டும், பெயரோடு’ என்றிருந்தால் அனுப்புங்கள்.