ரேசிங் சைக்கிள்: லீவருக்கு விரல் எட்டவில்லையா?

கேள்வி: மூத்த மகன் ஓடிய ரேசிங் சைக்கிளை இப்போது தங்கச்சிக்காரி ஓடுகிறாள். வயது 16, உயரம் 5 அடி 1 அங்குலம். சீற்றை இறக்கிக் கொடுத்தும் ஹாண்டில் தூரமாம், கழுத்து வலிக்குதாம். பிறேக் லீவரை நுனிவிரலால்தான் தொடுகிறாள். சீற்றை முன்னுக்குத் தள்ளினால் சரிவருமா?
– வாசகி, களுவாஞ்சிகுடி

பதில்: தள்ள வேண்டாம். சீற்றின் இடத்தைத் தீர்மானிப்பது கால். கை எட்டவில்லை என்று அதை நகர்த்தினால் நோவு கழுத்தை விட்டு முழங்காலுக்குப் போகும். சீற்றில் இருத்தி, கீழே வந்த பெடலில் குதியை வைக்கச் சொல்லுங்கள். கால் மடங்காமல் நிமிர்ந்து நின்றால் சீற் உயரம் சரி. அதன் பிறகுதான் ஹாண்டில்.

தூரத்தைக் குறைக்க ஸ்டெம்மை, அதாவது ஹாண்டிலைச் சைக்கிளோடு பிடித்திருக்கும் முன்நீட்டிய துண்டை, மாற்ற வேண்டும். இப்போது இருப்பது 110 மி.மீ. என்றால் 80 அல்லது 90 வாங்குங்கள். ஹாண்டிலின் நடுத்தடிப்பை அளந்துகொண்டு போங்கள்: புதியவற்றில் பெரும்பாலும் 31.8 மி.மீ., பழையவற்றில் 26 அல்லது 25.4. தூரம் சரி, ஹாண்டிலின் உயரம்தான் குறைவு என்றால் காசு செலவில்லாத வழி உண்டு. 6 பாகை சரிவுள்ள 100 மி.மீ. ஸ்டெம்மைக் கழற்றித் தலைகீழாகப் பூட்டினால் ஹாண்டில் சுமார் 2 செ.மீ. எழும்பும். ஹாண்டிலையே மேல்நோக்கித் திருப்பி விடுகிறார்கள் சிலர். லீவரின் றப்பர் பிடி கிட்ட வரும்தான், ஆனால் கீழ்வளைவில் பிடிக்கும்போது லீவர் கைக்கு எட்டாது. கச்சான் காற்றுக்கு எதிரே குனிந்து ஓடும்போது அந்த வளைவு வேண்டும்.

பூட்டும் ஒழுங்கில்தான் பலர் பிழைவிடுகிறார்கள். ஸ்டெம்மின் மேலுள்ள மூடியின் போல்ற் ஸ்டெம்மை இறுக்குவதற்கல்ல, பெயாரிங்கின் ஆட்டத்தை எடுப்பதற்கு. ஸ்டெம்மின் பக்கப் போல்ற்றுகள் தளர்ந்திருக்கும்போதே மூடியை மெல்ல இறுக்குங்கள். முன் பிறேக்கைப் பிடித்துச் சைக்கிளை முன்னும் பின்னும் அசைக்க, ‘டக்’ என்று தட்டக்கூடாது. முன்சில்லைத் தூக்கினால் ஹாண்டில் தானாகத் திரும்ப வேண்டும். பிறகு ஸ்டெம்மை நேராக்கி, பக்கப் போல்ற் இரண்டையும் மாறி மாறி இறுக்குங்கள். எவ்வளவு இறுக்கலாம் என்பது ஸ்டெம்மிலேயே பொறித்திருக்கும், வழக்கமாக 5 நியூற்றன் மீற்றர். கார்பன் ஹாண்டில் என்றால் அளவு காட்டும் சாவி இல்லாமல் தொடவேண்டாம்.

லீவருக்கு வருவோம். பல லீவர்களில் 2 மி.மீ. அலன் கீ போகும் சின்னத் திருகாணி ஒன்று இருக்கும். லீவரின் முன்பக்கத்திலோ றப்பரை விலக்கினால் மேலேயோ தேடுங்கள். பெரும்பாலும் வலப்பக்கம் திருக, லீவர் ஹாண்டிலுக்குக் கிட்ட வரும். கீழ்வளைவில் கை வைத்து, சுட்டுவிரலின் முதல் மூட்டு லீவரில் படிந்தால் போதும். லீவர் கிட்ட வந்ததால் இழுக்க இருக்கும் தூரம் குறைந்துவிடும். அழுத்தினால் ஹாண்டிலில் முட்டலாம். ஆகவே கேபிளையும் இறுக்க வேண்டும். கலிப்பரில் (சில்லின் மேல் கட்டைகளைப் பிடித்திருக்கும் பிறேக் கவ்வி) கேபிள் நுழையும் இடத்தில் உள்ள திருகுமுனையை முழுக்க உள்ளே திருகி, ஒரு சுற்று வெளியே எடுங்கள். பிறேக் கட்டைகளை றிம்மோடு கையால் அமர்த்தி, 5 மி.மீ. அலன் கீயால் கேபிள் போல்ற்றைத் தளர்த்தி, குறடால் வயரை இழுத்து இறுக்குங்கள். பத்துத் தரம் பலமாக அழுத்தினால் வயர் இழுபட்டு நிலைக்கு வரும். இரு பக்கமும் 2 மி.மீ. அளவு இடைவெளி இருக்கட்டும். கட்டை ரயரில் முட்டினால் ரயர் அறுந்துபோகும், றிம்மின் கீழ் இறங்கினால் கம்பிக்குள் சிக்கும்.

கேள்வி: பழைய சைக்கிளில் ஹாண்டிலை உயர்த்த மேல் போல்ற்றைக் கழற்றியும் அசையவில்லை. சுத்தியலால் அடிக்கலாமா?
– வாசகர், அக்கரைப்பற்று

பதில்: அடிக்கலாம், ஆனால் போல்ற்றை முழுக்கக் கழற்றிவிட்டு அல்ல. நாலு சுற்றுத் தளர்த்தி, அதன் தலையில் பலகைத் துண்டை வைத்துத் தட்டினால் உள்ளே இறுகியிருக்கும் ஆப்பு விழும். ஆப்பு விழுந்தும் வராவிட்டால் உப்புக்காற்றின் வேலை: இரும்புக் குழாய்க்குள் அலுமினியம் பிடித்திருக்கிறது. துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஓர் இரவு விடுங்கள். திரும்பப் போடும்போது கிறீஸ் பூசுங்கள். ஹாண்டில் தண்டில் உள்ள எல்லைக்கோடு வெளியே தெரியும்வரை உயர்த்தக்கூடாது. உயர்த்திய பின் ஹாண்டிலை இரு பக்கமும் முழுக்கத் திருப்புங்கள். பிறேக் கட்டை தானாக றிம்மைப் பிடித்தால் கேபிளின் நீளம் போதாது, நீளமானது வேண்டும். கடையில் கேட்கும்போது பழைய வயரைக் காட்டுங்கள். ரேசிங் லீவருக்கான வயருக்குப் பேரிக்காய் வடிவத் தலை. மவுண்டன் சைக்கிள் வயரின் உருளைத் தலை அந்த லீவரில் உட்காராது.