அவலாஞ்சி பக்கம் டவரே கிடைக்காத மேய்ச்சல் காட்டுல எருமைக்கு ட்ராக்கர் மாட்டணும், சேட்டிலைட் டேட்டா எப்படி எடுக்கிறது?

ஜிபிஎஸ் வெறும் காது மாதிரிங்க, எருமை எங்க நிக்குதுன்னு கருவிக்குத் தெரியும் ஆனா அதை உங்க போனுக்கு அனுப்ப தனி வழி வேணும், ஊட்டி டவுன்ல சிம் போதும், அவலாஞ்சி காட்டுல அது நடக்காது.

சேட்டிலைட் வழியா அனுப்ப இரிடியம்ங்கிற சேட்டிலைட் கம்பெனியோட 9602, 9603 மோடம் இருக்கு, அதுல சிம்மே கிடையாது, அதோட 15 இலக்க ஐஎம்இஐ நம்பரையும் (கருவியோட அடையாள எண்) தகவல் போய்ச் சேர வேண்டிய ஈமெயிலையும் சர்வீஸ் தர்றவங்ககிட்ட குடுத்தா ஆக்டிவேட் பண்ணுவாங்க. ஒரு மெசேஜ் 340 பைட் வரைக்கும், காசும் பைட் கணக்குதான், அதனால லொகேஷனை எழுத்தா அனுப்பாம பைனரியா சுருக்குங்க.

ஆனா தயவுசெஞ்சு ஆன்லைன்ல பாத்து வாங்கி மாட்டிடாதீங்க! தொலைத்தொடர்புத் துறை அனுமதி இல்லாம இந்தியாவுல இரிடியம், துரையா மாதிரி சேட்டிலைட் கருவி வச்சிருந்தாலே கேஸ், ஏர்போர்ட்லயே வெளிநாட்டுக்காரங்க மாட்டியிருக்காங்க.

என்னைக் கேட்டா லோரா போங்க, அது கம்மி கரண்ட்ல ரொம்ப தூரம் போற ரேடியோ, அதுக்கான 865–867 மெகாஹெர்ட்ஸுக்கு லைசென்ஸ் வேண்டாம், மேய்ச்சல் வெளி நேரா தெரியுற, நெட்டும் கிடைக்கிற ஒரு மேட்டுல கேட்வே (சிக்னலை வாங்கி நெட்டுக்கு அனுப்புற பெட்டி) வச்சா போதும். சோலைக்குள்ள போனா சிக்னல் விழும், அதனால லொகேஷனைச் சேத்து வச்சு வெளிய வந்ததும் அனுப்புற கருவியா பாருங்க. எருமையோட கழுத்துப் பட்டையில பேட்டரி கழுத்துக்குக் கீழ தொங்கணும், அந்த வெயிட்டுலதான் ஆண்டெனா புரளாம மேல வானத்தைப் பாத்து நிக்கும்.