கேஸ்ட்ரின் கூடிருச்சா? மொதல்ல என்ன மாத்திரைனு சொல்லுங்க

கேள்வி: சாப்பிட்டுட்டு போய் ரத்தம் குடுத்துட்டேன், கேஸ்ட்ரின் 210. பரவால்லயா?

கேஸ்ட்ரின்ங்கறது இரைப்பைல ஆசிட்ட சுரக்க வைக்கிற ஹார்மோன். சாப்பாடு உள்ள போனாலே அது ஏறும், அதுக்குத்தானே அது இருக்கு. 12 மணி நேரம் வெறும் வயித்தோட திரும்ப குடுங்க.

கேள்வி: கேஸ்ட்ரின் 380. கேன்சரா டாக்டர்?

என்ன மாத்திரை சாப்பிடுறீங்கன்னு ஒரு வரி எழுதக்கூடாதா? ஒமிப்ரசோல், பான்டோபிரசோல் மாதிரி ஆசிட்ட அடக்குற மாத்திரை போட்டுட்டு இருந்தா 100க்குள்ள இருக்கவேண்டியது 300, 400னு வர்றது சகஜம். டெஸ்ட்டுக்கு முன்னாடி ஒரு வாரம் போல நிறுத்தச் சொல்லுவாங்க, ஆனா நீங்களா நிறுத்தாதீங்க. நிஜமாவே கேஸ்ட்ரினோமா, அதாவது கேஸ்ட்ரின சுரக்குற கட்டி, இருந்தா திடீர்னு நிறுத்துறதுல அல்சர் ரத்தமா கொட்டிரும்.

கேள்வி: பான்டோபிரசோல் 6 வருஷமா போடுறேன். ரெண்டு நாள் விட்டா நெஞ்சு எரியுது. அடிமை ஆயிட்டேனா?

இத படிச்சதும் போன மாசம் வந்த ஒரு அம்மா ஞாபகம்தான் வந்துச்சு. எப்பவோ மூட்டுவலி மாத்திரையோட சேத்து எழுதிக்குடுத்தது, மூட்டுவலி மாத்திரைய விட்டே பல வருஷமாச்சு, இது மட்டும் ஓடிட்டே இருக்கு, கசங்கிப்போன சீட்ட விரிச்சு பாத்தா எத்தன நாளைக்குன்னே எழுதல! எழுதுறவங்க ஒரு தேதி போட்டா என்ன குறைஞ்சிரும்னு எனக்கு ஆத்தாமையா வருது. உங்களுக்கு நடக்குறது இதுதான்: மாத்திரை ஆசிட்ட அடக்குது, ஆசிட் பத்தலன்னு இரைப்பைல கேஸ்ட்ரின் சுரக்குற ஜி செல் கேஸ்ட்ரின கொட்டுது, அந்த கேஸ்ட்ரின் ஆசிட் சுரக்க வைக்கிற செல்லயெல்லாம் வளத்து விடுது, மாத்திரைய விட்டதும் அத்தனையும் சேந்து வேல செய்யுது. நெஞ்செரிச்சலே இல்லாத ஆளுங்களுக்கு 8 வாரம் குடுத்து நிறுத்தினப்பவே பத்துல நாலு பேருக்கு எரிஞ்சிருக்கு. அதனால இது அடிமையும் இல்ல, பழைய வியாதி திரும்புச்சுன்னும் அர்த்தம் இல்ல. டோஸ பாதியாக்கி, அப்புறம் ஒருநாள் விட்டு ஒருநாள்னு எறக்கலாம், பெரும்பாலும் சில வாரத்துல அடங்கிரும். ஆனா அல்சர்ல ரத்தம் வந்தவங்க, பாரெட்ஸ் (ஆசிட் பட்டு பட்டு உணவுக்குழாயோட உள்தோல் மாறிப்போறது) இருக்கவங்க இத படிச்சுட்டு நிறுத்திராதீங்க. திரும்பவும் சொல்றேன், நீங்களா நிறுத்தாதீங்க.

கேள்வி: கேஸ்ட்ரின் 1200, ஆனா ஆசிட்டே இல்லங்கறாங்க. எப்படி?

ஆசிட் இல்லாததாலதான் 1200. இரைப்பையோட உள்தோல் தேஞ்சுபோற அட்ரோபிக் கேஸ்ட்ரைட்டிஸா இருக்கலாம். இதுல வைட்டமின் பி12 உடம்புல சேராம போகலாம், அதனால அதையும் டெஸ்ட் பண்ணி பாருங்க, கால் மரத்துப்போகுதுன்னா தள்ளிப்போடாதீங்க. எண்டோஸ்கோப்பியும் வேணும், இவ்ளோ கேஸ்ட்ரின் வருஷக்கணக்கா இருந்தா இரைப்பைல கார்சினாய்டுங்கற சின்னச்சின்ன கட்டிங்க வளரலாம். கேஸ்ட்ரினோமா கட்டியால ஏறினதா இருந்தா ஆசிட் அதிகமா இருக்கும், இரைப்பை பிஹெச் 2க்கு கீழ இருக்கும்.

கேள்வி: கிட்னி ஃபெயிலியர்ல கேஸ்ட்ரின் கூடுமா?

கூடும். கேஸ்ட்ரின வெளியேத்துறதுல கிட்னிக்கும் பங்கு இருக்கு.